மான் வேட்டைக்கு எந்தக் காலிபர்?

அமெரிக்காவில் வேட்டைச் சாமான் கடைக்குள் போனால் தோட்டாப் பெட்டிகளுக்கென்றே நீளமாக ஓர் அலமாரி இருக்கும். .243, .270, .308, .30-06, .30-30, 6.5 என்று பெட்டிக்குப் பெட்டி ஓர் எண். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் இந்த இடத்தில் தலையைச் சொறிவார். .308 என்ற தோட்டாவின் குண்டு 0.308 அங்குல விட்டம், சரி. .30-06 என்று எழுதியிருப்பதன் குண்டும் அதே 0.308. .30-30-உம் அதே 0.308. .270 என்று போட்டிருப்பதை எடுத்து அளந்தால் 0.277 வருகிறது.

போன செப்டம்பரில் டெக்சஸிலிருந்து என் சித்தி மகன் கூப்பிட்டான். நண்பரின் பண்ணையில் நவம்பரில் மான் வேட்டை. வேட்டைக் கல்வி வகுப்பை முடித்து உரிமமும் எடுத்துவிட்டான். “அண்ணே, .308 வாங்கவா, 6.5 வாங்கவா? ஆபீஸ்ல ஒருத்தர் .300 மேக்னம்தான் பெஸ்ட்டுங்கிறார்” என்றான். நான் பென்சில்வேனியாவில் பதினோரு வருஷமாக மான் வேட்டைக்குப் போகிறேன். அவனுக்கு ஒன்றரை மணி நேரம் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது, பருவமும் எண்ணிக்கையும் அரசே நிர்ணயித்து உரிமம் கொடுக்கும் அமெரிக்காவைப் பற்றி மட்டும்.

முதலில் அந்த எண். காலிபர் என்றால் குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். ரைபிள் குழலுக்குள் திருகாணிக்கு இருப்பதுபோல மறை வெட்டியிருக்கும். குண்டு அந்த மறையில் சுழன்றுகொண்டே வெளியே வரும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, இந்தச் சுழற்சிதான் குண்டைத் தள்ளாடாமல் கொண்டுபோகிறது. மறை என்றால் மேடும் பள்ளமும் இருக்குமல்லவா? .30 காலிபர் குழலில் மேட்டுக்கு மேடு அளந்தால் 0.300 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.308. பெயர் வைத்தவர்களில் சிலர் மேட்டை அளந்தார்கள், சிலர் பள்ளத்தை அளந்தார்கள். .270 மேட்டு அளவு; அதன் பள்ளம் 0.277. 6.5, 7மிமீ போன்றவை மட்டும் அங்குலம் இல்லை, மில்லிமீட்டர் கணக்கு. குழப்பத்தில் பாதி இதோடு தீர்ந்தது.

மீதிப் பாதி, நடுக்கோட்டுக்குப் பின்னால் வரும் எண். .30-06-இல் உள்ள 06 வருஷம். 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. .30-30-இல் உள்ள இரண்டாவது 30, 1895-இல் அது வந்தபோது உள்ளே கெட்டித்த புகையில்லா வெடிமருந்தின் எடை. 7மிமீ-08-இல் உள்ள 08, அதன் தாய்த் தோட்டாவான .308-இன் கடைசி இரண்டு இலக்கம். மூன்று பெயர், மூன்று இலக்கணம். இதில் விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊர்ப்பெயர்போல மனப்பாடம் செய்துகொள்வதே வழி.

தாய்த் தோட்டா என்றேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து தனி, பால்ரஸ் தனி. ஒன்றன்பின் ஒன்றாகக் குழல் வாய்வழியே கெட்டிப்பார்கள். தோட்டா என்பது அவை எல்லாவற்றையும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடைத்தது: அடியில் பொறி தரும் கேப்பு, வயிற்றில் மருந்து, வாயில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டுமே. கூடு நம்மிடமே தங்கிவிடும். இந்தக் கூடு ஏறக்குறைய குடத்தின் வடிவம். அகலமான வயிறு, குறுகிய கழுத்து. வயிற்றை அப்படியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் இறுக்கினால் சின்னக் குண்டு, தளர்த்தினால் பெரிய குண்டு. 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் குடத்தின் கழுத்தை இறுக்கி 1955-இல் .243 செய்தார்கள், 1980-இல் 7மிமீ-08. அதேபோல .30-06 குடும்பத்தின் நீளக் குடத்திலிருந்து 1925-இல் வந்தது .270. அலமாரியில் தனித்தனியாகத் தெரியும் எண்களில் பல ஒன்றுக்கொன்று பங்காளிகள்.

இதனால் ஒரு விஷயம் விளங்கும். குண்டின் விட்டம் ஒன்றாக இருந்தாலும் குடத்தில் எவ்வளவு மருந்து பிடிக்கும் என்பது வேறு வேறு. பழைய .30-30-உம் ஆபீஸ்காரர் சிபாரிசு செய்த .300 வின்செஸ்டர் மேக்னமும் ஒரே 0.308 அங்குலக் குண்டைத்தான் தள்ளுகின்றன. முதலாவது 150 கிரெயின் குண்டை விநாடிக்குச் சுமார் 2,400 அடி வேகத்தில் அனுப்பும். இரண்டாவது அதைவிடக் கனமான 180 கிரெயின் குண்டை 2,950 அடிக்கு மேல் அனுப்பும். ஆகவே “எந்தக் காலிபர்?” என்று கேட்பவர் உண்மையில் கேட்பது “எந்தத் தோட்டா?” என்பதைத்தான். வேட்டைக்காரர்களும் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். நானும் அப்படியே பேசப்போகிறேன்.

கிரெயின் என்பது குண்டின் எடை. நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் குன்றிமணியை வைத்துப் பொன் நிறுத்ததுபோல, ஐரோப்பியர்கள் தானிய மணியை வைத்து நிறுத்த பழக்கத்தில் வந்த அளவு. 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. நமக்குப் புரியும்படி சொன்னால் ஒரு பவுன் தங்கம் ஏறக்குறைய 123 கிரெயின். .243-இன் வழக்கமான 100 கிரெயின் குண்டு முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல்; .308-இன் 150 கிரெயின் குண்டு ஒன்றே கால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சின்னதா என்று தோன்றும். வேகத்தைச் சேர்த்துப் பார்த்தால் கதை மாறும்.

எடையும் வேகமும் சேர்ந்ததுதான் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் ‘ஆற்றல்’. அடி-பவுண்டு என்ற அலகில் போட்டிருப்பார்கள். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கத் தேவையான சக்தி ஓர் அடி-பவுண்டு. குழல் வாயில் .243-க்கு ஏறக்குறைய 1,950, .30-30-க்கு 1,900, 6.5 கிரீட்மூருக்கு (சித்தி மகன் கேட்ட 6.5 இதுதான்) 2,300, .308-க்கு 2,650, .270-க்கு 2,700, .30-06-க்கு 2,800, .300 மேக்னத்துக்கு 3,500. குண்டின் எடையை மாற்றினால் இவை கொஞ்சம் மாறும். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் வெண்வால் மானுக்கு 1,000 அடி-பவுண்டு போதும் என்பது இங்கே பழகிப்போன வாய்க்கணக்கு. கொலராடோ மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது: 100 கெஜம் தாண்டும்போதும் 1,000 அடி-பவுண்டு மிச்சம் இருக்க வேண்டும், குண்டு .24 காலிபருக்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன எல்லாத் தோட்டாக்களும் இந்தப் பரீட்சையில் தேறிவிடும். மானைப் பொறுத்தவரை சக்தி போதாத தோட்டா அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் மான் எதனால் சாகிறது? இந்த இடத்தில்தான் புதியவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். குண்டு மானை இடித்துத் தள்ளுவதில்லை. நுரையீரலும் இதயமும் கிழிந்து ரத்தம் வெளியேறி, மூளைக்கு ரத்தம் நின்றுபோய்ச் சாகிறது. சரியான இடத்தில் பட்ட மானும் ஐம்பது, நூறு கெஜம் ஓடி விழுவது சகஜம். மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் எட்டங்குல வட்டம் ஒன்றை மனசில் வரைந்துகொள்ளுங்கள். அதுதான் உயிர்நிலை. அந்த வட்டத்துக்குள் .243 பட்டால் மான் விழும். வட்டத்தை விட்டு ஓரடி பின்னால் .300 மேக்னம் பட்டால் குடல் கிழிந்து, மான் எங்கோ புதருக்குள் போய்ப் படுத்து மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். இறைச்சியும் போச்சு, பாவமும் சேர்ந்தது.

குண்டின் அமைப்பு காலிபரைவிட முக்கியம் என்பது என் கட்சி. வேட்டைக் குண்டின் மூக்கு உடம்பில் பட்டதும் காளான்போல விரிய வேண்டும். விரிந்தால் காயம் அகலமாகும், ரத்தம் சீக்கிரம் வெளியேறும். ராணுவத்துக்குச் செய்யும் முழு உறை போட்ட குண்டு விரியாமல் கோணி ஊசிபோலக் குத்திக்கொண்டு மறுபக்கம் போய்விடும். பல மாநிலங்களில் அதை வேட்டைக்குத் தடை செய்திருக்கிறார்கள். விலை குறைவு என்று பயிற்சிக்கு வாங்கிய பெட்டியை வேட்டைக்கு எடுத்துப் போய்விடக் கூடாது. வேட்டைக் குண்டுகளில் ஈய உள்ளீடு கொண்டவை அதிகம், மலிவும்கூட. ஈயம் உள்ளே சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு இறைச்சியிலும் தங்கும், காட்டில் விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளையும் கொல்லும். காண்டர் கழுகுகள் ஈய நஞ்சால் செத்ததை ஒட்டி, கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டையே முழுதாகத் தடுத்துவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் மான் கறி சாப்பிடுவார்கள் என்றால் விலையைப் பார்க்காமல் முழுச் செம்புக் குண்டு வாங்கிவிடுங்கள். நான் மாறி ஆறு வருஷம் ஆகிறது.

இப்போது தோளுக்கு வருவோம். குண்டை முன்னால் தள்ளும் சக்தி துப்பாக்கியைப் பின்னால் தள்ளும். எட்டு பவுண்டு எடையுள்ள ரைபிளில் .243 உதைப்பது ஏறக்குறைய 9 அடி-பவுண்டு, 6.5 கிரீட்மூர் 12; .308 சுமார் 16; .30-06 சுமார் 18; .300 மேக்னம் 26 அளவில். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நான் முதலில் வாங்கியது பழைய .300 மேக்னம். பெரிதாக இருந்தால் நல்லது என்ற நம் ஊர்ப் புத்திதான். சுடும் மைதானத்தில் ஐந்தாவது தோட்டாவுக்கு மேல் என் உடம்பு எனக்கே துரோகம் செய்ய ஆரம்பித்தது. விசையை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குழல் கீழே இறங்கும். ஊசி போடும் முன்னே கையை இழுத்துக்கொள்ளும் குழந்தை மாதிரி. மைதானத்தில் இருந்த ஒரு பெரியவர் என் துப்பாக்கியை வாங்கி, நான் பார்க்காதபடி சில தடவை தோட்டா போட்டும் சில தடவை வெறுமையாகவும் கொடுத்தார். வெறும் துப்பாக்கிக்கே நான் குலுங்கினேன். வெட்கமாக இருந்தது. அதை விற்றுவிட்டு 7மிமீ-08 வாங்கி, அந்தப் பழக்கத்தை மறக்க இரண்டு வருஷம் பிடித்தது. உதையைப்போலவே சத்தமும் உடம்பை மிரட்டும். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி இரண்டும் போட்டாலே பாதி நடுக்கம் போய்விடும்.

தூரம் அடுத்தது. பென்சில்வேனியாவில் நான் போகும் காடு ஓக்கும் மேப்பிளும் அடர்ந்தது. நூறு கெஜத்துக்கு மேல் மானே கண்ணில் படாது. நூறு வருஷத்துக்கு மேலாக .30-30 இந்தக் காடுகளில் செல்லப்பிள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதன் நெம்புகோல் ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் கேப்பைத் தொடும். கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையில் குத்தி வெடித்துவிடலாம் என்பதால் பெரும்பாலும் மொட்டை மூக்குக் குண்டுதான் போடுவார்கள். மொட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 100 கெஜத்தில் குறி சரிசெய்த .30-30, 200 கெஜத்தில் ஏழெட்டு அங்குலம் கீழே இறங்கிவிடும். ஆற்றலும் ஆயிரத்துக்குக் கீழே போய்விடும். .308 அதே 200-இல் நான்கு அங்குலம்தான் இறங்கும்.

டெக்சஸ் பண்ணைகளில் புதரை வெட்டி நேர்கோடாகப் பாதை போட்டிருப்பார்கள். இருநூறு முந்நூறு கெஜம் கண்ணுக்கெட்டும். அங்கே .30-30-ஐ நான் சொல்ல மாட்டேன். 6.5 கிரீட்மூருக்கு இப்போது இவ்வளவு மவுசு என்றால் அது இந்த இடத்தில்தான். 2007-இல் ஹார்னடி நிறுவனம் தொலைதூரக் குறிசுடும் போட்டிக்காகச் செய்தது அது. 1873-இல் நியூயார்க்கில் திறந்த கிரீட்மூர் சுடுதிடலின் பெயர் அதற்கு. குண்டு நீளமாக, ஒல்லியாக இருப்பதால் காற்று அதைக் குறைவாகத்தான் தள்ளும், வேகமும் மெதுவாகத்தான் குறையும். ஆனால் அந்த லாபம் கைக்கு வருவது 400, 500 கெஜத்தில். 300 கெஜத்துக்குள் .308-க்கும் அதற்கும் இறக்கத்தில் ஓரிரு அங்குலம்தான் வித்தியாசம். 6.5-ஐ மந்திரக்கோல்போலப் பேசுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எத்தனை கெஜத்தில் சுடுகிறீர்கள்? அதே சமயம் 6.5 சின்னது, மானுக்குப் பற்றாது என்பதும் வீண் பேச்சு. சுவீடனில் 6.5×55 என்ற பழைய ராணுவத் தோட்டாவை வைத்து, குதிரையைவிட உயரமான மூஸ் மானையே பல தலைமுறையாக வேட்டையாடி வருகிறார்கள்.

இவ்வளவு ஆராய்ச்சியும் செய்வதற்கு முன் உங்கள் மாநிலத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும். டெக்சஸில் கேப்பு நடுவில் உள்ள எந்தத் தோட்டாவும் மானுக்குச் செல்லும். விளிம்பில் பொறி தட்டும் .22 போன்றவை மட்டும் ஆகாது. வர்ஜீனியாவில் .23-க்குக் கீழ் ஆகாது என்பதால் .223 அடிபட்டுப்போகும். நியூஜெர்சியில் மானுக்கு இந்த வகை ரைபிளே கிடையாது. ஒஹையோவில் குடம் ஆகாது, டம்ளர்தான் ஆகும்: கழுத்துக் குறுகாமல் நேராக இருக்கும் கூடு. ரைபிள் குண்டு மைல் கணக்கில் போகக்கூடியது. தட்டையான வயல், வயலுக்கு நடுவே வீடுகள் என்றால் நேர்க்கூட்டுத் தோட்டாவின் குறைந்த வீச்சு அங்கே ஒரு பாதுகாப்பு. 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட் இப்படிப்பட்ட மாநிலங்களை மனசில் வைத்துச் செய்ததுதான்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் வைத்திருப்பதில் சேரும். ஆகவே உரிமம் முதலில், மைதானம் பிறகு. காலாவதியான உரிமத்தை நம்பி இறங்க வேண்டாம்.

டெக்சஸ் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. கிண்டி காட்டில் நாம் பார்த்து வளர்ந்த புள்ளிமான் அங்கே 1930-களில் கொண்டுபோய் விடப்பட்டு, பெருகிப்போய், இப்போது பருவக் கட்டுப்பாடு இல்லாமல் வேட்டையாடப்படுகிறது. வேட்டை உரிமமும் நிலக்காரர் அனுமதியும் இருந்தால் போதும். வெளிமானும் உண்டு. இவற்றுக்கு வெண்வால் மானுக்கான தோட்டாவே பொருந்தும். ஆனால் தெற்கு டெக்சஸில் இருக்கும் நீலகாய் வேறு சாதி. கிடா 250 கிலோ அளவுக்கு வளரும், தோல் தடிப்பு, எலும்பு கனம். அங்குள்ள வழிகாட்டிகள் .30-06-ஐத் தொடக்கமாக வைத்து மேக்னம் பக்கம் போகச் சொல்வார்கள். ஆபீஸ்காரரின் .300-க்கு நியாயமான இடம் அது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். இருநூற்றைம்பது கெஜத்துக்குள் மான் மட்டும் என்றால் .243, 6.5 கிரீட்மூர், 7மிமீ-08, .270, .308 எதுவும் சரி. உடம்பு ஒல்லி, தோள் பழகவில்லை என்றால் முதல் மூன்றில் ஒன்று. ஆனால் .243-இல் குண்டு சிறியது, கோணலாக நிற்கும் மானைச் சுடத் தோதுப்படாது. பொறுமை உள்ளவர்களுக்குத்தான் அது. 7மிமீ-08 என் செல்லம் என்றாலும் சின்ன ஊர்க் கடையில் தோட்டா கிடைப்பது நிச்சயமில்லை. 2020-இலும் 2021-இலும் தட்டுப்பாடு வந்தபோது நான் ஒரே பெட்டியை எண்ணி எண்ணிச் சுட்டேன். .308-ஐப் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில்கூட வாங்கலாம். ரைபிள் எட்டு பவுண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். மலையேறுபவர்களுக்கான இலேசான ரைபிள் கையில் சுகம், தோளில் இடி. வாங்கியதும் குழலில் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார். ‘கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று போட்டால் துப்பாக்கி வெடித்துவிடக்கூடும்; .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 ரைபிளில் போட்டு அப்படி ஆனதுண்டு.

.308-ஐயே வாங்கினான். கூடவே எட்டங்குலப் பேப்பர் தட்டு ஒரு கட்டு வாங்கச் சொன்னேன், உயிர்நிலையின் அளவு அது. முதல் நாள் 25 கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்து, பிறகு 100-க்குப் போய், மேசையில் சாய்த்துச் சுட்டுக் குறியை முடிவு செய்தான். அதன்பின் மேசையை மறந்துவிட்டு, பண்ணையில் சுடப்போவதுபோல உட்கார்ந்தும் முட்டி போட்டும் சுடச் சொன்னேன். அக்டோபர் கடைசியில் வாட்ஸ்அப்பில் மூன்று தட்டுகளின் படம் வந்தது. 100 கெஜத் தட்டில் ஐந்துக்கு ஐந்து. 150-இல் ஐந்துக்கு ஐந்து, ஒன்று ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. 200-இல் ஐந்துக்கு இரண்டு.

“அண்ணே, 6.5 வாங்கியிருந்தா 200-லயும் பட்டிருக்குமோ?” என்று கீழே எழுதியிருந்தான். இந்த வருஷம் உன் எல்லை 150 கெஜம், அதற்கு அப்பால் நிற்கும் மானை ஸ்கோப்பில் பார்த்து ரசி என்று பதில் போட்டேன்.